மீன் போன இடத்தில் என்ன வந்தது?

அன்புள்ள புரட்டாசிச் சைவர்களே,

பதினோரு மாதம் மீனும் கறியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, செப்டம்பர் நடுவில் பெருமாளுக்காக எல்லாவற்றையும் நிறுத்தி, அக்டோபர் நடுவில் மறுபடி கறிக்கடை வரிசையில் நிற்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள், கந்த சஷ்டிக்கு விரதம் பிடிக்கிறவர்கள் எல்லாரையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஒரே மாதத்தில் சைவத்துக்கு மாறும்போது நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைகிறது. சந்தையில் நடப்பது மறுநாள் பேப்பரில் வந்துவிடும். உங்கள் கல்லீரலிலும் தசையிலும் குடலிலும் நடப்பது எந்தப் பேப்பரிலும் வராது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் தொழில். புரட்டாசி பிறந்ததும் கறிச்சட்டியைப் பரணில் ஏற்றிவிடும் வீடுதான் எங்களுடையதும்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியை தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். மழை விழுந்து பூமிக்குள் இருக்கும் சூடு கிளம்புகிறதாம், அந்த நேரத்தில் கறி சாப்பிட்டால் செரிக்காதாம், அதனால்தான் முன்னோர்கள் தடுத்தார்களாம். உங்கள் இரைப்பையில் சுரக்கும் அமிலத்துக்கும் கணையத்தில் சுரக்கும் நொதிகளுக்கும் பஞ்சாங்கம் தெரியாது. வாளையாறைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனால் இதே மாதத்தைக் கன்னி என்பார்கள். மத்தியும் அயிலையும் அங்கே வழக்கம்போலச் செரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சாமிக்காக ஒன்றை விடுகிறோம் என்றால் அதுவே போதுமான காரணம். அதற்கு விஞ்ஞானத்தை இழுத்து வந்து சாட்சிக்கூண்டில் ஏற்றவேண்டாம்.

ஆனால் விட்ட பிறகு உடம்பில் என்ன நடக்கிறது என்பது விஞ்ஞானம்தான். அதைத்தான் பேசப்போகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் புரட்டாசி முடியும் நேரத்தில் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன் அதை மிகச் சுருக்கமாகக் கேட்டார்: “ஒரு மாசம் கறியே தொடலை மேடம். அப்புறம் எப்படி சுகர் ஏறும்?” முந்தின நாள் சாப்பிட்டதை அவரையே சொல்லச் சொன்னேன். காலையில் இட்லி ஐந்து, சாம்பார், சட்னி. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் நான்கு. “மீன் இல்லாம சோறு எறங்கமாட்டேங்குது, அதனாலதான் அப்பளம்” என்று அவரே விளக்கமும் தந்தார். நாலரை மணிக்கு டீ, இரண்டு பஜ்ஜி. இரவு ரவா உப்புமா. சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். சிரித்தார். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் முழுதுக்கும் ஒன்றரைக் கைப்பிடி துவரம்பருப்பு.

இந்தத் தட்டைப் பாருங்கள். இதில் ஒரு துண்டு மாமிசம் இல்லை. ஆனால் மாறியது அது மட்டுமல்ல. நூறு கிராம் வஞ்சிரத்தில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து கிடையாது. அது போன இடத்துக்கு வந்தது உருளைக்கிழங்கும் இன்னும் இரண்டு கரண்டிச் சோறும். ஒரு கப் சோற்றில் மாவுச்சத்து 40 கிராம், புரதம் 4 கிராம்தான். அண்ணன் சைவத்துக்கு மாறியதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்லீரலைப் பொறுத்தவரை அவர் அரிசிக்கு மாறியிருந்தார்.

சாப்பாடு எதுவானாலும் குடல் அதை முக்கியமாக மூன்று வடிவத்தில்தான் உறிஞ்சுகிறது: புரதம் அமினோ அமிலமாக, மாவுச்சத்து குளுக்கோஸாக, கொழுப்பு கொழுப்பமிலமாக. குளுக்கோஸ் வந்ததும் இன்சுலின் சுரந்து அதைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் தள்ளுகிறது. அங்கே அது கிளைக்கோஜனாகச் சேர்கிறது. அந்த இடம் சிறியது. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும், தசைகளில் ஆளைப் பொறுத்து 400, 500 கிராம் வரைக்கும்தான் இருப்பு வைக்க முடியும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு அந்த இருப்பு காலியாவதே இல்லை. அதற்கு மேல் வரும் குளுக்கோஸைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது. கொழுப்பே சாப்பிடாமல் ரத்தத்தில் கொழுப்பு ஏறும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. இதற்கு வருஷக்கணக்கு ஆகாது, சில வாரம் போதும்.

புரதத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதைச் செரித்துப் பயன்படுத்தவே உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது: புரதத்தில் வரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அந்தச் செலவுக்கே போய்விடும். மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 சதவீதம்தான். கொழுப்புக்கு அதுவும் இல்லை. புரதம் வயிற்றை நிறைத்தும் வைக்கும். புரட்டாசியில் நாலு மணிக்கே பசிக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் விரதம் இல்லை.

சரி, சைவம் சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்வதெல்லாம் பொய்யா? இல்லை. அமெரிக்காவில் செவன்த்டே அட்வென்டிஸ்ட் சபையினரில் சுமார் 61,000 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களில் 7.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பால்கூடத் தொடாத சைவர்களில் அது 2.9 சதவீதம்தான். வெறும் எண்ணைப் பார்த்தால் அசந்துபோவோம். ஆனால் அந்தச் சைவர்கள் சாப்பிடுவது என்ன? பீன்ஸ் வகைகள், கொட்டைப் பருப்புகள், தவிடு நீக்காத தானியம், பழம், காய். குடியும் புகையும் கிடையாது. உடம்பிலும் அவர்கள் ஒல்லி. நம் வீட்டுச் சைவம் அதுவல்ல. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது, புரதத்தில் இருந்து 12 சதவீதம்தான். 21 நாடுகளை ஒப்பிட்டு 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கும் 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களுக்கும் இடையில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி மிக அதிகமாக இருந்தது தெற்காசியாவில். 450 கிராம் சோறு ஏதோ பெருந்தீனிக்காரன் அளவு என்று நினைக்காதீர்கள், மதியச் சாப்பாட்டிலேயே நம்மில் பலர் அதைத் தொட்டுவிடுவோம்.

“கறி சாப்பிடாவிட்டால் உடம்பே மந்தமாகிவிடுகிறது” என்று இன்னொரு சாரார். இதற்கு ஒரு பழைய சென்னைக் கதை இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் நுங்கம்பாக்கம் மகளிர் கிறிஸ்துவக் கல்லூரியில் எலினார் மேசன் என்ற பேராசிரியை, பாஸ்டனில் இருந்த பிரான்சிஸ் பெனடிக்ட் என்ற புகழ்பெற்ற ஆய்வாளருடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் ஓய்வாகப் படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளந்தார். அமெரிக்க அளவுகோலை விட அது கணிசமாகக் குறைவாக இருந்தது. வெயிலா, இனமா, உணவா என்ற வாக்குவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. 1990-களில் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள்: மொத்த எடைக்கு அல்ல, கொழுப்பைக் கழித்த எடைக்கு எவ்வளவு என்று. அப்படிப் பார்த்தால் இந்தியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் வித்தியாசமே இல்லை. மந்தமாக இருந்தது வளர்சிதை மாற்றம் அல்ல. குறைவாக இருந்தது தசை.

நம் மக்களுக்கு இதுதான் உண்மையான பிரச்சினை, சைவமோ அசைவமோ. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை வாங்கிக்கொள்கிற பெரிய இடம் தசை. ஒல்லியான கை கால், முன்னால் தொப்பை என்று இருக்கும் நம் ஆட்களுக்கு அந்த இடம் முதலிலேயே குறைவு. ஒரு மாதப் புரட்டாசியில் தசை கரைந்துவிடாது, பயப்படவேண்டாம். ஆனால் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, விரதம் என்று ஒருவேளைச் சாப்பாட்டையும் குறைத்து, இருக்கிற ஒருவேளையிலும் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டால் அது வேறு. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. ரசத்தில் அது கிடைக்காது.

நல்ல செய்திக்கு வருகிறேன். சைவத்தால் சீக்கிரம் பலன் தெரிவது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.-லில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 ஜோடி இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்கு முழுத் தாவர உணவு, உடன்பிறந்தவருக்கு நல்ல தரமான அசைவ உணவு என்று எட்டு வாரம் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. தாவர உணவுக்காரர்களின் எல்.டி.எல். சராசரியாக 110-ல் இருந்து 95-க்கு இறங்கியது. மற்றவர்களுக்குப் பெரிதாக அசையவில்லை. வெறும் வயிற்று இன்சுலினும் தாவர உணவுக்காரர்களுக்கே அதிகமாகக் குறைந்தது. காரணம் புரியக்கூடியதுதான். நிறைவுற்ற கொழுப்பு குறைந்தால் கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.-லை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயறு, காய், பழத்தில் உள்ள கரையும் நார்ச்சத்து பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. புதிய பித்தநீர் செய்யக் கல்லீரல் ரத்தத்தில் இருந்தே கொலஸ்ட்ராலை எடுக்கிறது. இதெல்லாம் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலிலும், ஒரே எண்ணெயில் மூன்றாம் முறை பொரித்த வடையிலும் நடக்காது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

குடலில் மாற்றம் இன்னும் வேகம். 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 10 பேருக்கு ஐந்து நாள் தாவர உணவும், வேறொரு ஐந்து நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு குடலை எட்டி ஓரிரு நாளிலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கியது. நார்ச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதைப் பியூட்டிரேட் போன்ற சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. நம் பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. நவராத்திரிச் சுண்டல் வாரத்தில் வயிறு ஊதி, கொலு வைத்த வீட்டில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதுவும் இந்த பாக்டீரியாக்களின் வேலைதான். பயறு வகையில் உள்ள சில சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அவை முழுசாகப் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கின்றன. ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். தொடர்ந்து சில வாரம் சாப்பிட்டால் தொல்லை பலருக்குத் தானே அடங்கிவிடும். சுண்டலை நிறுத்திவிடாதீர்கள், இந்த மாதத்தின் மிகச் சிறந்த உணவு அதுதான்.

யூரிக் அமிலம், கவுட் மூட்டுவலி என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மாதம் பருப்பையும் சேர்த்து ஒதுக்குவதைப் பார்க்கிறேன். வேண்டாம். 47,000 அமெரிக்க ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கவுட் வாய்ப்பைக் கூட்டியது இறைச்சியும் கடல் உணவும்தான். பயறு, கீரை வகைகள் கூட்டவில்லை. பால், தயிர் குறைத்தன. சிறுநீரகம் பழுதாகி மருத்துவர் புரதத்தை அளந்து கொடுத்தவர்கள் மட்டும் அவர் சொல்கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பி12 பற்றி ஒருவர் விடாமல் கேட்பதால் சொல்கிறேன். அதை பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கின்றன. நமக்கு அது மீன், கறி, முட்டை, பால் வழியாக வருகிறது. ஒரு நாள் தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம். கல்லீரலில் இருப்போ பல ஆண்டுக்குக் காணும். ஒரு மாதச் சைவத்துக்காக ஊசி போட்டுக்கொள்ள ஓடாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டிலேயே தாத்தா போனபிறகு அசைவத்தை அடியோடு விட்ட பாட்டி இருப்பார். பாலும் ஒத்துக்கொள்ளாது, காலைக் காப்பியில் ஊற்றும் பாலோடு சரி. அவர் பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைப்பவை. பாதம் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது, மறதி கூடுகிறது என்று அவர் சொன்னால், வயசாச்சு என்று விடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இட்லி மாவு புளிப்பதில் பி12 கிடைக்கும் என்பதை நம்பி இருக்கவேண்டாம்.

இரும்புச்சத்துக்கும் ஒரு வார்த்தை. கீரை, பயறில் உள்ள இரும்பு கறியில் உள்ளதைப்போலச் சுலபமாக உள்ளே போகாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு உதவி. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காப்பியும் டீயும் எதிரி. நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், காப்பியை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

இப்போது புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளிகள் இதை மட்டுமாவது படியுங்கள். காலையில் குளித்து, நாமம் இட்டு, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, மாவிளக்கு ஏற்றிப் படையல் முடியும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறீர்கள். மணி ஒன்றாகிவிடுகிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். பதினோரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அது சர்க்கரை இறங்குவதன் அடையாளம். அப்புறம் இலையில் வருவது சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடை, சுண்டல். ஆறில் நான்கு அரிசி. சர்க்கரை காலையில் தரைமட்டம், மதியம் 300-ஐக்கூடத் தாண்டலாம். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று முதல் சனிக்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சாப்பிடும்போது சுண்டலையும் காயையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சாப்பிடும் வரிசையை மாற்றுவதாலேயே சர்க்கரை ஏறுவது தணிகிறது. பிரசாதம் என்பதால் பொங்கல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு கரண்டி என்றால் பிரசாதம், மூன்று கரண்டி என்றால் அது சாப்பாடு.

மற்ற நாட்களுக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மீன் இருந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், அதைச் சோற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள். சாம்பார் தண்ணீராக ஓடாமல் கெட்டியாக இருக்கட்டும். பருப்பு உசிலி, பாசிப்பருப்புக் கூட்டு, மொச்சைக் குழம்பு, கொள்ளுத் துவையல், வேர்க்கடலை, மீல்மேக்கர், தயிர் எல்லாம் நம் அடுப்பில் ஏற்கெனவே தெரிந்தவைதான். பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து என்பதால் அதைச் சோற்றோடு கூடுதலாக அல்ல, சோற்றுக்குப் பதிலாகச் சேர்க்கவேண்டும். காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் மூன்று, கூட ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார். அல்லது அடை, அதுவும் வெல்லம் தொடாமல்.

நான் சொல்வதை நம்பவேண்டாம். புரட்டாசி பிறக்குமுன் ஒருமுறை, கடைசி வாரத்தில் ஒருமுறை, 12 மணி நேரம் சாப்பிடாமல் போய் ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துப் பாருங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. இதற்கு உதவாது, முந்தைய மாதங்களின் பிரியாணியும் அதில் சேர்ந்துவிடும். தாளில் இரண்டு வரியைப் பார்த்தால் போதும். எல்.டி.எல். இறங்கி, ட்ரைகிளிசரைடும் இறங்கியிருந்தால் உங்கள் தட்டில் பயறு வந்திருக்கிறது. எல்.டி.எல். இறங்கி ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் அநேகமாகச் சோறுதான் வந்திருக்கிறது. இரண்டும் ஏறியிருந்தால் வடைச் சட்டியை விசாரியுங்கள். ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடைக்குப் போகும்முன் இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் சீக்கிரமே தீபாவளிப் பலகாரம் வந்துவிடும், அப்புறம் எந்த அளவும் எதையும் காட்டாது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி